ஈடாகத் தன்னையே வைத்தவர்கள்: எபிரெய வேதத்தில் பேச்சும் பேசுபவரும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யூதர்களின் வேதமான தனாக்கில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வைத்திருக்கும் நூல்களில், பெரிய பெரிய பேச்சுகள் நிறைய உண்டு. ஒருவர் பேச்சை இன்னொருவர் ஏன் நம்புகிறார், ஏன் நம்ப மறுக்கிறார் என்பதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. ஆள்பெயர்களும் நூல்பெயர்களும் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

பேச்சுக்கலை கிரேக்கர்களுடைய சரக்காயிற்றே. அதை எபிரெய வேதத்தில் தேடுவது பொருந்துமா?

அதை ஒரு கலையாகப் பிரித்து இலக்கணம் எழுதியவர்கள் கிரேக்கர்கள்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கேட்பவரை இணங்க வைக்க மூன்று வழிகள் உண்டு என்றார்: பேசுபவரின் குணம், கேட்பவரின் மனநிலை, சொல்லப்படும் நியாயம். எபிரெயர்கள் இப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுதியது கதை. ஆனால் அந்தக் கதைகளில் யாராவது யாரையாவது சம்மதிக்க வைக்க முயன்றுகொண்டே இருக்கிறார்கள். மகன் தகப்பனை, மனைவி கணவனை, தீர்க்கதரிசி ராஜாவை, சில இடங்களில் மனிதன் கடவுளையே.

இந்தத் தேடல் புதிதும் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த யூதா மெசர் லெயோன் என்ற ரபி, ரோமர்களான சிசரோவும் குயின்டிலியனும் சொன்ன பேச்சுக்கலை விதிகளுக்கெல்லாம் எபிரெய வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டு காட்டி ஒரு நூல் எழுதினார். அவர் உயிரோடு இருக்கும்போதே மாந்துவா நகரில் அது அச்சாகிவிட்டது. நவீன ஆய்வில் 1968இல் ஜேம்ஸ் மியூலன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் ஆற்றிய உரைக்குப் பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்தது.

அப்படியானால் அரிஸ்டாட்டில் சொன்னதையே இங்கேயும் பார்க்கிறோமா?

முழுவதும் இல்லை. ஒரு முக்கியமான இடத்தில் பாதை பிரிகிறது. பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள்ளேயே உருவாக வேண்டும், ஆளைப் பற்றி ஊர் ஏற்கனவே என்ன நினைக்கிறது என்பது கணக்கில் வராது என்பது அரிஸ்டாட்டிலின் எண்ணம். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் முகம் தெரியாத நூற்றுக்கணக்கான நடுவர்கள் முன்னால் பேசுகிறவனுக்கு அது சரிதான்.

எபிரெயக் கதைகளில் முகம் தெரியாதவர் அபூர்வம். வாய் திறப்பதற்கு முன்பே அந்த ஆள் பத்து அதிகாரங்களாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும். அதோடு, பேசுபவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று கதை கூர்ந்து பார்க்கிறது. உடம்பையா, காசையா, பெயரையா? அல்லது வெறும் வார்த்தையைத்தானா? என் வாசிப்பில், எபிரெய வேதம் ஒரு பேச்சை எடை போடும் தராசு இதுதான். நீதிமொழிகள் 26:7 இதை ஈவிரக்கம் இல்லாமல் சொல்கிறது: மூடன் வாயில் வரும் பழமொழி, நொண்டியின் தொங்கும் கால் மாதிரி. பழமொழியில் குறை இல்லை. சொல்லும் வாய்தான் அதைத் தூக்கி நடக்க முடியாமல் இருக்கிறது.

பேச வராத மோசேயைக் கடவுள் ஏன் தேர்ந்தெடுத்தார்?

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில், எகிப்தில் அடிமைகளாக இருக்கும் இஸ்ரவேல் ஜனங்களை மீட்கப் போ என்று கடவுள் சொல்ல, மோசே அடுத்தடுத்துச் சாக்கு சொல்கிறார். நான் யார் போக, உம்முடைய பெயர் கேட்டால் என்ன சொல்ல, அவர்கள் நம்ப மாட்டார்களே, எனக்கு நாக்கு திருந்தாதே, வேறு யாரையாவது அனுப்புமே. நான்காவது சாக்குக்குக் கிடைக்கும் பதில், வாயைப் படைத்தது யார் என்பது. ஐந்தாவதுக்குக் கடவுளுக்குக் கோபமே வந்துவிடுகிறது. அண்ணன் ஆரோன் நன்றாகப் பேசுவான், அவன் உனக்கு வாயாக இருக்கட்டும் என்று முடிகிறது.

சரி, நன்றாகப் பேசும் ஆரோன் பிறகு என்ன ஆனார் என்று பாருங்கள். மோசே மலைமேல் இருக்கும்போது கீழே பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்தது அவர்தான். மோசே வந்து கேட்டதும், ஜனங்கள் பொன்னைக் கொடுத்தார்கள், நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது என்கிறார் (யாத்திராகமம் 32:24). வேதத்தில் உள்ள சாக்குகளிலேயே இதற்குத்தான் நான் முதல் பரிசு கொடுப்பேன். அதே அதிகாரத்தில், பேச வராத மோசே கடவுளிடம் வாதாடுகிறார்: இவர்களைக் கொல்லத்தான் கூட்டிக்கொண்டு போனார் என்று எகிப்தியர் பேசுவார்களே, ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? கடைசியில், இவர்களை மன்னிக்க முடியாவிட்டால் உமது புத்தகத்திலிருந்து என் பெயரையும் கிறுக்கிவிடும் என்கிறார். நாக்கு திருந்தாதவர்தான் இப்படிப் பேசுகிறார். உபாகமமோ ஏறக்குறைய முழுவதும் அவருடைய பேச்சு.

வேதத்தின் மிகச் சிறந்த பேச்சு என்று யூதாவின் பேச்சைச் சிலர் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நானும் அந்தக் கட்சிதான். ஆதியாகமம் 44:18 முதல் 34 வரை, பதினேழே வசனங்கள்.

சூழ்நிலை இது. பஞ்சத்துக்குத் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன் தம்பிகள், அங்கே அதிபதியாக இருப்பவன் தாங்கள் விற்றுப்போட்ட தம்பி யோசேப்பு என்பதை அறியவில்லை. யோசேப்பு தன் வெள்ளிக் கோப்பையைக் கடைக்குட்டி பென்யமீனின் சாக்கில் ஒளித்து வைத்து, பிறகு ஆள் விட்டுத் தேடி எடுக்கச் செய்கிறான். யாரிடம் கோப்பை இருந்ததோ அவன் எனக்கு அடிமை, மற்றவர்கள் உங்கள் தகப்பனிடம் நிம்மதியாகப் போகலாம் என்கிறான். அண்ணன்களுக்கு இது தப்பிக்க நல்ல வாய்ப்பு. அப்பாவின் செல்லப்பிள்ளை ஒருவனை ஏற்கனவே தொலைத்தவர்கள்தானே.

அந்த அண்ணன்களில் ஒருவனான யூதா கிட்டே போய்ப் பேசுகிறான். திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோப்பையைப் பற்றியும் இல்லை. தம்பி எடுக்கவில்லை என்று வாதாடவில்லை, எடுத்திருந்தால் மன்னியுங்கள் என்றும் கேட்கவில்லை. வழக்கை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, அப்பாவைப் பற்றிப் பேசுகிறான். எபிரெய மூலத்தில் அந்தப் பதினேழு வசனங்களில் அப்பா என்ற சொல் 14 தடவை வருகிறது. வயதான அப்பா, இந்தப் பையனைப் பிரிந்தால் செத்துப்போகும் அப்பா, இவன் உயிரோடு தன் உயிரைப் பின்னி வைத்திருக்கும் அப்பா.

அப்பா சொன்னதாக அவன் எடுத்துச் சொல்லும் ஒரு வரியைக் கவனியுங்கள்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகள் பெற்றாள் என்று உமக்குத் தெரியும். அப்பா யாக்கோபுக்கு மனைவி ஒருத்தி மட்டும் இல்லை, பிள்ளைகளும் இரண்டு பேர் மட்டும் இல்லை. இந்த வாக்கியத்தில் யூதாவின் தாய் லேயாள் மனைவியாகவே எண்ணப்படவில்லை, யூதா பிள்ளையாகவே எண்ணப்படவில்லை. ஒரு காலத்தில் இதே ஓரவஞ்சனைதான் யோசேப்பைக் குழியில் தள்ள வைத்தது. இப்போது அந்த வரியை யூதா தன் வாயால், கசப்பு எதுவும் காட்டாமல், அப்பாவுக்காக இரக்கம் கேட்க எடுத்துச் சொல்கிறான்.

அடுத்த வரி அதைவிட. ஒருவன் போனவன் போனவன்தான், பீறிப்போடப்பட்டான் என்று நினைத்தேன், அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை என்று அப்பா சொன்னாராம். எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த ஒருவன். தான் காணாமல் போன அன்று வீட்டில் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது இப்போதுதான் அவன் காதில் விழுகிறது. யூதாவுக்கு இது தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் தந்திரம் ஆகியிருக்கும்.

கடைசியில் பணயம். பையனுக்கு நான் ஜாமீன், அவனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்பவன் யார்? கொன்று என்ன லாபம், விற்றுவிடலாம் என்று யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்க யோசனை சொன்ன அதே யூதா (37:26, 27). இடையில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவன். மருமகள் தாமார் அடையாளப் பொருள்களை எடுத்து நீட்டியபோது, என்னைவிட அவள் நீதியுள்ளவள் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டவன். இந்தப் பேச்சின் பலம் அலங்காரத்தில் இல்லை. ஒருவனை விற்றவன் இன்னொருவனுக்காகத் தன்னையே விற்க முன்வருகிறான். யோசேப்பால் அதற்கு மேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை, அழுகைச் சத்தம் வெளியே இருந்த எகிப்தியருக்கே கேட்டது என்கிறது கதை.

மூத்தவன் ரூபனும் ஜாமீன் கொடுக்க முன்வந்தானே, அது ஏன் எடுபடவில்லை?

பென்யமீனைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு மகன்களையும் கொன்றுவிடுங்கள் என்றான் (42:37). பேரப்பிள்ளைகளைக் கொன்று தாத்தாவுக்கு என்ன ஆறுதல் வரப்போகிறது? யாக்கோபு அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த அதிகாரத்தில் யூதா, நானே பொறுப்பு, என் கையில் கேளுங்கள் என்றதும் கிழவர் இணங்குகிறார். ஒருவன் பிறரை ஈடு வைத்தான், மற்றவன் தன்னை வைத்தான்.

யூதா சொன்னதெல்லாம் நடந்தபடிதானா?

நல்ல கேள்வி. கொஞ்சம் சீவிச் சிங்காரித்துத்தான் சொல்கிறான். உங்களுக்குத் தகப்பன் உண்டா, தம்பி உண்டா என்று நீங்கள்தான் கேட்டீர்கள் என்கிறான். 42ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் அவர்களாகவே உளறியது தெரியும். வேவுகாரர்கள் என்று யோசேப்பு குற்றம் சாட்டியதையும், சிமியோனைப் பிடித்து வைத்ததையும் யூதா விழுங்கிவிடுகிறான். அதிகாரத்தில் இருப்பவனின் பழைய தப்பை அவன் முகத்துக்கு நேரே எடுத்துப்போட அவனுக்கு என்ன பைத்தியமா? எபிரெயக் கதைசொல்லி இப்படிப்பட்ட நுணுக்கத்தைக் குற்றமாக எண்ணுவதில்லை. நேர்மையான ஆள் சாமர்த்தியமாகவும் பேசலாம்.

தீர்க்கதரிசி நாத்தான் ஏன் தாவீது ராஜாவின் தப்பை நேராகச் சொல்லாமல் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னார்?

நேராகச் சொன்னால் ராஜா தற்காப்பில் இறங்கியிருப்பார். பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்த ராஜா. நாத்தான் (2 சாமுவேல் 12) அதைத் தொடாமல் ஒரு வழக்கு கொண்டுவருவது போல ஆரம்பிக்கிறார்: பணக்காரன் ஒருவன், ஏழை ஒருவன். ஏழையிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் சாப்பாட்டில் சாப்பிட்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் தூங்கி, மகள் மாதிரி வளர்ந்தது. விருந்தாளி வந்ததும் பணக்காரன் அதைப் பிடுங்கிச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்துப்போய், அவன் சாகவேண்டியவன், ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனை கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். அந்த மனிதன் நீரே என்கிறார் நாத்தான். எபிரெயத்தில் அது இரண்டே சொல்.

கதை உத்தி மட்டும் போதுமா? இரண்டு அதிகாரம் தள்ளி அதற்குப் பதில் இருக்கிறது. ஓடிப்போயிருந்த தாவீதின் மகன் அப்சலோமை ஊருக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்று சேனாபதி யோவாப், தெக்கோவாவிலிருந்து கெட்டிக்காரப் பெண் ஒருத்தியை வரவழைத்து, துக்க வேஷம் போடவைத்து, சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறான். அவளும் பொய் வழக்கு ஒன்றைச் சொல்லி ராஜாவைத் தீர்ப்பு சொல்லவைக்கிறாள். உத்தி ஒன்றேதான். ஆனால் தாவீது பாதியிலேயே, இதிலெல்லாம் யோவாபின் கை இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். காரியம் நடக்கிறது, ஆனால் அரைகுறையாக. அப்சலோம் ஊருக்கு வருகிறான், ராஜாவின் முகத்தைப் பார்க்க அனுமதி இல்லை. நாத்தானின் கதைக்குப் பின்னால் நின்றவர் நாத்தான். இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு சேனாபதி ஒளிந்துகொண்டிருந்தான்.

பெண்களின் பேச்சுக்கு இந்த நூல்களில் மதிப்பு உண்டா?

அபிகாயிலைப் படியுங்கள், 1 சாமுவேல் 25. அவள் கணவன் நாபால் பெரிய பணக்காரன், முரடன். தாவீதின் ஆட்களை அவமானப்படுத்தித் துரத்திவிட்டான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், விடிவதற்குள் அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளையும் மிஞ்சக்கூடாது என்ற வெறியோடு. அபிகாயில் முதலில் செய்வது பேச்சு இல்லை. 200 அப்பம், 2 தோல்பை திராட்சரசம், சமைத்த 5 ஆடுகள், வறுத்த தானியம், உலர்ந்த திராட்சை 100 குலை, 200 அத்திப்பழ அடை என்று கழுதைகள்மேல் ஏற்றி முன்னால் அனுப்புகிறாள். பசித்தவன் கோபத்துக்கு எது மருந்து என்று குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா?

பிறகு காலில் விழுந்து, பழி என்மேல் இருக்கட்டும் என்று தொடங்குகிறாள். தாவீதை என் ஆண்டவன் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறாள். உம் பகைவரின் உயிரைக் கடவுள் கவணில் வைத்து எறிவதுபோல எறிந்துவிடுவார் என்கிறாள். கவண்கல்லால் கோலியாத்தை வீழ்த்தியவரிடம் கவணைப் பற்றிப் பேசுகிறாள். பழைய தாவீதை அவருக்கே ஞாபகப்படுத்துகிறாள். கடைசியில் கொக்கி: நாளைக்கு நீர் ராஜாவாகும்போது, வீணாக ரத்தம் சிந்தினோமே என்ற உறுத்தல் உமக்கு இருக்கக்கூடாது பாரும். நாபாலைக் காப்பாற்ற வந்தவள், தாவீதைத்தான் காப்பாற்ற வந்ததாகக் காட்டிவிடுகிறாள். அது பொய்யும் இல்லை.

மோசமான யோசனை பேச்சுத் திறமையால் ஜெயித்த கதை உண்டா?

2 சாமுவேல் 17. அரசியலில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக்கூடாத அதிகாரம். அப்சலோம் தகப்பனுக்கு எதிராகக் கிளம்பி எருசலேமைப் பிடித்துவிட்டான். தாவீது களைத்துப்போய் ஓடிக்கொண்டிருக்கிறார். அப்சலோமின் ஆலோசகர் அகித்தோப்பேல். அவர் யோசனை சொன்னால் கடவுளிடம் கேட்டது மாதிரி என்று பெயர் வாங்கியவர். அவர் எழுந்து மூன்றே வசனத்தில் முடிக்கிறார்: 12,000 பேரைக் கொடுங்கள், இன்று ராத்திரியே போகிறேன், களைத்திருக்கும்போது பிடிக்கிறேன், ராஜாவை மட்டும் வெட்டுகிறேன், ஜனங்கள் உங்களிடம் வந்துவிடுவார்கள். கச்சிதம். எல்லாருக்கும் பிடித்தும் போகிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று அப்சலோம் ஊசாயையும் கூப்பிடுகிறான். ஊசாய் தாவீதின் சிநேகிதர், தாவீதே அனுப்பிய ஆள். வந்தவுடன் ராஜா வாழ்க, ராஜா வாழ்க என்று சொன்னார், எந்த ராஜா என்று சொல்லவில்லை. இப்போது அவர் பேச்சைக் கேளுங்கள். அகித்தோப்பேலின் யோசனை இந்தத் தடவை சரியில்லை என்கிறார். இந்தத் தடவை! அவர் பெயரைக் கெடுக்கவில்லை, இந்த ஒரு யோசனையை மட்டும் கழற்றி வைக்கிறார். அப்புறம் படம் படமாக விரிக்கிறார். உம் தகப்பன் குட்டியைப் பறிகொடுத்த கரடி மாதிரி இருப்பார். ஏதாவது குகையில் பதுங்கியிருப்பார். முதல் மோதலில் நம் ஆட்கள் நாலு பேர் விழுந்தால், அப்சலோமின் பக்கம் சங்காரம் என்று செய்தி பரவும், சிங்க நெஞ்சுக்காரனும் உருகிப்போவான். ஆகையால் தாண் முதல் பெயெர்செபா வரை கடற்கரை மணல் அளவுக்கு ஆள் சேர்ப்போம், நீரே முன்னால் நின்று நடத்தும். பனி தரையில் இறங்குவதுபோல அவர்மேல் இறங்குவோம். ஏதாவது பட்டணத்துக்குள் நுழைந்தாரானால், கயிறு கட்டி அந்தப் பட்டணத்தையே ஒரு கல்லும் மிஞ்சாமல் ஆற்றுக்குள் இழுத்துவிடுவோம்.

ஊரைக் கயிறு கட்டி இழுப்பதா? நிதானமாக யோசித்தால் சிரிப்பு வரும். ஆனால் அகித்தோப்பேலின் பேச்சில் நான் போகிறேன், நான் வெட்டுகிறேன் என்று எல்லாம் நான். ஊசாயின் படத்தில் நடுவில் நிற்பது அப்சலோம். தலைமயிரை நிறுத்துப் பார்க்கும் அழகன் அவன் (14:26). தன் படத்தை எதில் பெரிதாகக் கண்டானோ அதைப் பிடித்துக்கொண்டான். ஆள் சேர்க்கும் நாட்களில் தாவீது யோர்தானைத் தாண்டிவிட்டார்.

அகித்தோப்பேலின் யோசனைதான் நல்ல யோசனை என்று கதையே வெளிப்படையாகச் சொல்கிறது (17:14). அது தோற்றதற்குக் காரணம் கடவுளின் ஏற்பாடு என்றும் சொல்கிறது. அகித்தோப்பேல் கழுதைக்குச் சேணம் போட்டு ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, தூக்குப் போட்டுக்கொண்டார். நடக்கப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் என் தராசு கொஞ்சம் ஆடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊசாய் பொய் சொல்லி ஜெயிக்கிறார், கதையும் அவர் பக்கம். ஆனால் அவரும் சும்மா வந்தவர் இல்லை, மாட்டினால் தலை போயிருக்கும். அந்தப் பணயம் வாசகருக்குத் தெரியும், அப்சலோமுக்குத்தான் தெரியவில்லை.

எதிரிகளுக்கும் நல்ல பேச்சு கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள், தாராளமாகவே. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதா ராஜ்யத்துக்குள் புகுந்தபோது, அவனுடைய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதில் அருகே நின்று பேசியது 2 இராஜாக்கள் 18இல் இருக்கிறது. எகிப்தை நம்புகிறீர்களா, அது ஊன்றினால் கையைக் குத்தும் முறிந்த நாணல். கடவுளை நம்புகிறீர்களா, அவருடைய வழிபாட்டு மேடைகளை இடித்தது உங்கள் ராஜா எசேக்கியாதானே. 2,000 குதிரை தருகிறேன், ஏற ஆள் இருக்கிறதா? எங்களுக்குப் புரியும், அரமேய மொழியில் பேசுங்கள் என்று யூதாவின் அதிகாரிகள் கெஞ்ச, அவன் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, மதில்மேல் இருக்கிற ஜனங்களுக்குக் கேட்கும்படி அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். சரணடைந்தால் அவனவன் தன் திராட்சைக்கொடியிலும் அத்திமரத்திலும் சாப்பிடலாம் என்கிறான். பிறகு வேறு தேசத்துக்குக் கொண்டுபோவேன் என்பதையும் தேன் தடவிச் சொல்கிறான்.

ஜனங்கள் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடாது என்பது ராஜாவின் கட்டளை. அசீரியன் யார் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அவன் வாதத்தை வாதத்தால் உடைக்க வேண்டிய தேவையும் இல்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவை மாதிரி எருசலேமுக்குள் அடைத்தேன் என்று சனகெரிப் தன் கல்வெட்டில் எழுதி வைத்தான். நகரத்தைப் பிடித்தேன் என்று எழுதவில்லை.

தன் நேர்மையைத் தானே பேசினால் தற்பெருமை ஆகாதா?

ஜனங்களுக்கு நியாயாதிபதியாக இருந்த சாமுவேல் பதவி விலகும்போது அப்படித்தான் பேசுகிறார் (1 சாமுவேல் 12). யார் மாட்டை எடுத்தேன், யார் கழுதையை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவர் தன்னைப் புகழவில்லை, கணக்குப் புத்தகத்தை ஊர் முன்னால் விரித்து வைக்கிறார். ஜனங்கள் எடுக்கவில்லை என்று சாட்சி சொன்ன பிறகுதான் அவர்களைத் திட்டத் தொடங்குகிறார். கேட்பவர்களின் வாயே சாட்சி சொன்ன பிறகு யாரால் எழுந்து போக முடியும்?

ஒன்று மட்டும் இடிக்கிறது. என் பிள்ளைகள் உங்களோடு இருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறார். அந்தப் பிள்ளைகள் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து லஞ்சம் வாங்கியதால்தான் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள் (8:3-5). அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஜனங்களும் கேட்கவில்லை. கதைசொல்லி மட்டும் இரண்டையும் எழுதி வைத்துவிட்டு நம்மைப் பார்க்கிறார்.

இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிராகப் பேசினால் கேட்பவர் யாரை நம்புவது?

எரேமியா 28இல் இதே சிக்கல். எரேமியா கழுத்தில் மர நுகத்தடியோடு, பாபிலோனுக்கு அடங்கிப்போங்கள் என்கிறார். அனனியா ஆலயத்தில் எல்லார் முன்னாலும், பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பி வரும் என்று சொல்லி அந்த நுகத்தடியைப் பிடுங்கி உடைக்கிறார். இருவரும் ஒரே மாதிரி, கடவுள் சொல்கிறார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எரேமியாவின் முதல் பதில் என்ன தெரியுமா? ஆமென், அப்படியே ஆகட்டும்! அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான். சமாதானம் என்று சொல்பவரை அது நடந்தால்தான் நம்பலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் வழியே போய்விடுகிறார். அங்கேயே சண்டை போடவில்லை. பிறகு திரும்பி வந்து, மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் என்கிறார். அனனியா அந்த வருடமே இறந்துபோனார்.

அன்று கூட்டத்தில் நின்றவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பார்த்திருக்கக்கூடியது 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோன் சேனை நகரத்தைச் சுற்றி நிற்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள குடும்ப நிலத்தைத் தகப்பன் வழி உறவுக்காரனிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகள் கையெழுத்து வாங்கி, மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். எதிரி கையில் இருக்கும் நிலத்துக்குப் பணம் கொடுக்கிறவன், இந்த மண்ணில் மறுபடியும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்று சொன்னால், அதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஆமோஸ் ஒரு மேய்ப்பர்தானே, அவருக்குப் பேச்சுத் திறமை எப்படி?

மேய்ப்பர் என்றால் பேசத் தெரியாதா என்ன? அவர் முதல் இரண்டு அதிகாரங்களைப் பாருங்கள். வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலில் நின்று, தமஸ்குவின் குற்றம், காசாவின் குற்றம், தீருவின் குற்றம், ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்து நாடுகளை வரிசையாகச் சாடுகிறார். கூட்டம் தலையாட்டும். ஏழாவதாகத் தன் சொந்த நாடான யூதா. இன்னும் பலமாகத் தலையாட்டியிருப்பார்கள். எட்டாவது, இஸ்ரவேல். ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்கிறீர்களே என்று அவர்கள் பக்கமே திரும்புகிறார். தலையாட்டியவர்களுக்கு இனிக் கழுத்தைத் திருப்ப வழியில்லை.

பெத்தேல் ஆசாரியன் அமத்சியா, உன் ஊருக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்றபோது, நான் தீர்க்கதரிசியும் இல்லை, தீர்க்கதரிசியின் மகனும் இல்லை, மாடு மேய்த்துக் காட்டத்திப்பழம் பார்க்கிறவன் என்கிறார். அதாவது, இதை வைத்து எனக்குச் சம்பளம் இல்லை.

தோற்றுப்போன பேச்சுக்கு ஒரு எடுத்துக்காட்டு?

ரெகொபெயாம் (1 இராஜாக்கள் 12). சாலொமோனின் மகன். வரிச்சுமையைக் குறையுங்கள் என்று சீகேமில் ஜனங்கள் கேட்க, மூன்று நாள் தவணை வாங்குகிறான். இன்றைக்கு நீர் இவர்களுக்கு வேலைக்காரனாக இரும், என்றைக்கும் இவர்கள் உமக்கு வேலைக்காரராக இருப்பார்கள் என்கிறார்கள் பெரியவர்கள். கூட வளர்ந்த வாலிபர்கள் சொன்ன வசனம் அவனுக்குப் பிடிக்கிறது: அப்பா சவுக்கால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன். பத்துக் கோத்திரம் பிரிந்து போனது. வேலைவாங்கும் அதிகாரியைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடிவந்தான்.

இந்தப் பேச்சுகள் அப்படியே நடந்தவையா?

யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. பழங்கால வரலாற்றாசிரியர்கள் எல்லாரையும் போல, இவற்றை வடித்தவர்கள் எழுத்தாளர்கள். நம் கேள்விக்கு அது பாதகம் இல்லை. எப்படிப்பட்ட ஆள் பேசினால் நம்பலாம் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது, வடித்த பேச்சில்தான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஆதியாகமம் 37, 38, பிறகு 42 முதல் 45 வரை ஒரே மூச்சில். 38ஐத் தாண்டிவிடாதீர்கள், யோசேப்பு கதைக்கு நடுவில் தாமார் கதை எதற்கு என்று பலர் தாண்டிவிடுகிறார்கள், யூதா மாறத் தொடங்குவது அங்கேதான். அடுத்து 2 சாமுவேல் 11 முதல் 18. பொறுமை உள்ளவர்கள் யோபுக்குப் போகலாம். பக்தியாக, அழகாக, பக்கம் பக்கமாகப் பேசும் மூன்று சிநேகிதர்கள் அதில் வருகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் அவர்கள்மேல் கோபப்பட்டு, என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் குப்பையில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்ட யோபுதான் என்ற பொருளில் சொல்கிறார். சிநேகிதர்களின் பேச்சை மட்டும் தனியாகப் பிரித்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் நிறைய.